பன்னிரண்டு நாட் வேகம்

அத்தியாயம் பதினேழு

படகுத் தளத்தின் கதவைத் தாண்டும்போதே அம்மா நின்றுவிட்டாள். எட்டு மாதமாக அவள் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. டீசல் வாடையும் ஈரக் கயிற்றின் வாடையும் மூக்கில் ஏறின.

"மெதுவா வாங்க அத்தை. பலகை வழுக்குது" என்று மருமகள் கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் சாப்பாட்டு மேஜையில், "இனிமே எந்தப் படகு வாங்கினாலும் அதுல என் பேச்சும் எடுபடணும். இல்லைன்னா என் வீட்டுக்காரர் பங்கைப் பிரிச்சுக் கொடுத்துடுங்க" என்று வெடித்தவள் இந்த மருமகள்தான். அவ்வளவு பேசியவளின் உள்ளங்கை இப்போது சில்லிட்டுக் கிடந்தது.

அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பே படகுதான். அறையும் படுக்கையும் உள்ள மோட்டார் படகில் விருந்தாளிகளை ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூட்டிவரும் வேலை. பெரியவன் சுக்கான் பிடிப்பான். சின்னவன் எஞ்சினைப் பார்த்துக்கொள்வான். கரையில் உட்கார்ந்து முன்பதிவு எடுப்பதும், தலையணை உறை துவைப்பதும், வந்தவர்களுக்கு முகம் கோணாமல் பதில் சொல்வதும் அம்மா. பெரியவன் கல்யாணமே வேண்டாம் என்று படகையே கட்டிக்கொண்டவன். சின்னவன் கட்டிக்கொண்டவள்தான் இந்த மருமகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், விருந்தாளிகளைத் தீவில் இறக்கிவிட்டு அண்ணன் தம்பி இருவர் மட்டும் திரும்பினார்கள். உயிரோடு கரை சேர்ந்தது ஒருவன்.

"பன்னெண்டு நாட் வேகத்துலதான் வந்துட்டிருந்தேன். திடீர்னு ஒரு பேரலை. படகைத் தூக்கி அடிச்சிருச்சு. தம்பி முன்னறையில இருந்தான். மேல் பலகையில தலை மோதி கழுத்து முறிஞ்சிருச்சு." விசாரணையில் பெரியவன் சொன்னது இவ்வளவுதான். நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் கணக்கு; பன்னிரண்டு நாட் என்றால் கரையில் சைக்கிள் போகும் வேகம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடிப்பலகை பிளந்து, வேகத்தைக் காட்டும் கருவிகளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிச் செத்துப்போயிருந்தன. கடலின் தலையில் பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள்.

இன்று புதுப் படகு பார்க்கும் நாள். பார்ப்பது இரண்டு படகு. பெரியவனுக்கு வெள்ளைப் படகு பிடித்திருந்தது, மருமகளுக்கு நீலப் படகு. தீர்ப்பு அம்மாவின் கையில்.

*

தளத்துக்காரர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்பே பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த ஒருவன், "ரேடியோவைப் போட்டாச்சா? இனி சாயங்காலம் வரைக்கும் நிக்காது" என்று சிரித்தான். தளத்துக்காரர் ஐம்பது வயது ஆள். வேறொரு துறைமுகத்தில் இருபது வருஷம் படகோட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்றே பேர் ஆகிவிட்டது.

"ரெண்டையும் வெளியில பாத்தா அக்கா தங்கச்சி மாதிரிதான் இருக்கும். விஷயம் அடியில இருக்கு" என்று ஆரம்பித்தார். ஒரு கையைக் கிண்ணம்போல் குவித்துக் காட்டினார். "நீலப் படகு இப்படி. முன்னாடி உருண்டை, நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு கட்டை பின்பக்கம் வரைக்கும் ஓடும். தண்ணிய ஒதுக்கிக்கிட்டுப் போகும். வேகம் கொடுத்தா பாதி மேல ஏறும், பாதி உள்ளேயே இருக்கும். புத்தகத்துல செமி டிஸ்ப்ளேஸ்மென்ட்னு போட்டிருப்பாங்க."

அடுத்த கையைத் தட்டையாக விரித்தார். "வெள்ளைப் படகு பிளேனிங். பின்பக்க அடி தட்டை. ஒரு வேகத்தைத் தாண்டிட்டா மொத்தப் படகும் தண்ணி மேல ஏறி உட்கார்ந்துக்கும். அப்புறம் வழுக்கிக்கிட்டே ஓடும்."

"நம்ம பழைய படகும் இதே ஜாதிதான்" என்றான் பெரியவன் மெல்ல.

"ரெண்டுல எது நல்லதுங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"எது நல்ல செருப்புன்னு கேட்டா எப்படி தங்கச்சி? எங்க நடக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லணும்."

பெரியவன் குறுக்கே வந்தான். "எங்களுக்கு வேகம்தான் முக்கியம். ஜனங்க ரெண்டு நாள் லீவுல வர்றாங்க. போக அரை நாள், வர அரை நாள்னா எவன் வருவான்?"

"ஒருத்தர் சீக்கிரம் போய்ச் சேந்தது போதாதா அத்தான்?" என்றாள் மருமகள்.

பெரியவன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டான்.

*

முதலில் நீலப் படகு.

அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் எதிர்க்காற்று. குட்டை குட்டையாக மூன்றடி அலைகள். ரேடியோ பதினான்கு நாட் வேகத்தில் வைத்தார். படகு ஒவ்வொரு அலையிலும் மூக்கை நுழைத்து, தோளால் ஒதுக்கிக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் போனது. அம்மா கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். கால்கள் தானாக அந்த அசைவுக்குப் பழகிக்கொண்டன.

"பாத்தீங்களா, காத்து வந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அந்த நடுக்கட்டை இருக்கறதால நேரா போகும், பின்னால அலை துரத்தினாலும் சுக்கானோட சண்டை போட வேண்டாம்" என்று ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே வந்தார்.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றான் பெரியவன்.

நிறுத்தினார். அலை பக்கவாட்டில் வந்ததும் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டில்போல ஆடியது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியாம்மா? நங்கூரம் போட்டா இதான் கதி. விருந்தாளிங்க சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடும்."

"உள்ளதைச் சொல்லணும், உருண்டை அடி ஆடத்தான் செய்யும்" என்று ரேடியோ ஒத்துக்கொண்டார். "பதினெட்டுக்கு மேல விரட்டினா டீசலை மொடக்கு மொடக்குன்னு குடிக்கும். வேகம் மட்டும் கூடாது."

மருமகள் வாயிலிருந்து கையை எடுத்தாள். "ஆடினா ஆடட்டும். வாந்தி எடுத்தவங்க உயிரோட வீட்டுக்குத் திரும்பிப் போவாங்க."

*

வெள்ளைப் படகில் ஏறும்போது அம்மா உள்ளே பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அதே அமைப்பு. சுக்கானுக்குப் பக்கத்தில் மூன்று படி கீழே இறங்கினால் முன்னறை. அதே தாழ்ந்த மேல் பலகை. வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

மருமகள் அதைப் பார்த்துவிட்டு பின்பக்க இருக்கையில் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் தட்டையாக இருந்தது. ரேடியோ நெம்புகோலை முன்னால் தள்ளினார். மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. பத்து எண்ணுவதற்குள் மூக்கு தாழ்ந்தது, சத்தம் மாறியது, கீழே தண்ணீர் இருப்பதே தெரியாமல் படகு விர்ரென்று ஓடியது. இருபத்தாறு நாட். அம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த முகத்தில் உயிர் இருந்தது. சின்ன வயதில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சைக்கிளில் இறக்கத்தில் இறங்கும்போது இருக்குமே, அந்த முகம். பெற்ற மனசு அந்த ஒரு நிமிடம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சுவரைத் தாண்டினார்கள். எதிர்க்காற்று. முதல் அலையில் படகு துள்ளியது. இரண்டாவதில் கீழே யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு இடி. அம்மாவின் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

ரேடியோ சட்டென்று வேகத்தைக் குறைத்தார். "இதான் இவளோட குணம். அமைதியா இருந்தா ராணி. எதிரலையில இப்படியே விட்டா நம்ம முதுகெலும்பு மிஞ்சாது. குறைச்சே ஆகணும்."

"எவ்வளவுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இப்ப பன்னெண்டுல வச்சிருக்கேன்."

பன்னிரண்டு. அம்மா அந்த எண்ணை எட்டு மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தவள். அந்த வேகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் உடம்பால் பார்க்கிறாள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றில் மாட்டிய வண்டிபோல முக்கிக்கொண்டு போனது. எதிரே மூக்கு மறைத்தது. ரேடியோ சுக்கானை இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருந்தார். அலை வந்தது. படகு சோம்பலாக ஏறி, சோம்பலாக இறங்கியது. அடுத்த அலை. அதேதான்.

அவள் காத்திருந்தாள். தூக்கி அடிக்கும் அந்த ஒரு அலைக்காக.

"ஐயா, இந்த வேகத்துல படகைத் தூக்கி அடிக்கணும்னா அலை எவ்வளவு பெருசா இருக்கணும்?"

பாவம், ரேடியோவுக்கு இவர்கள் கதை எதுவும் தெரியாது. சிரித்தபடியே சொன்னார்: "இந்த வேகத்துல எங்கேம்மா தூக்கி அடிக்கறது? பன்னெண்டுல இது தண்ணிக்குள்ள உழுதுகிட்டுக் கிடக்கும். தண்ணிய விட்டு எழும்பினாத்தானே விழும்? பறக்கணும்னா மேல ஏறி ஓடணும், இருபதைத் தாண்டணும். அதுலயும் அடிப்பலகை பிளக்கற மாதிரி விழணும்னா இருபத்தஞ்சுக்குக் கீழ நான் பாத்ததே இல்லை."

"புயல் அலையா இருந்தா?"

"புயல்ல யாரு வெளிய போவா? இன்னிக்கு மாதிரி மூணடி அலையில நடக்கவே நடக்காது."

அன்றைக்கும் மூன்றடி அலைதான். விசாரணைக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"அம்மா, அவர் பொதுவா சொல்றார். நமக்கு நடந்தது வேற" என்றான் பெரியவன். அவன் அவளைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். மருமகளின் முதுகு அசையவில்லை. காற்று இருந்தது, எஞ்சின் சத்தம் இருந்தது. அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று அந்த முதுகை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை.

*

கரைக்கு வந்ததும் மருமகள், "முகம் கழுவிட்டு வரேன்" என்று அலுவலகத்தை நோக்கிப் போய்விட்டாள். ரேடியோ காகிதங்களை எடுத்து வைப்பதற்காக அவள் பின்னாலேயே போனார்.

பழுது பார்க்க ஏற்றி வைத்திருந்த இரண்டு படகுகளுக்கு நடுவில் ஒரு சந்து. அம்மா அதற்குள் நடந்தாள். பெரியவன் பின்னால் வந்தான். வந்துதானே ஆக வேண்டும்.

"எவ்வளவு வேகம்டா?"

"அம்மா..."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

அவன் படகின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சிப்பியை நகத்தால் சுரண்டினான். "இருபத்தெட்டு."

அம்மா ஓரடி நெருங்கி நின்றாள்.

"அவன் ஏன்டா அப்ப முன்னறைக்குப் போனான்?"

"மேல் ஜன்னல் மூடாம இருந்துச்சு. தண்ணி உள்ள அடிச்சது. மூடிட்டு வரேன்னு போனான்."

"ஒண்ணும் சொல்லாமலா போனான்?"

பெரியவன் சிப்பியை விட்டுக் கையை எடுத்தான். "'அண்ணா, நான் மேல வர்ற வரைக்கும் மெதுவா போ'ன்னான்."

"நீ?"

"ஒரு நிமிஷ வேலைதானேன்னு நெனச்சேன்மா. குறைக்கல."

அவன் அப்படியே சிமென்ட் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. அம்மா அவனைத் தொடவில்லை. தொட்டால் மன்னித்ததாகிவிடும் என்று பயந்தாள்.

"இவ்வளவையும் மறைச்சு எப்படிடா என் கையால சோறு வாங்கித் தின்ன?"

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "உனக்காகவும்தான் மறைச்சேன்."

"எனக்காகவா?"

"அன்னிக்கு எத்தனை தடவை போன் பண்ணின? மூணரைக்குள்ள வந்துடுங்க, அடுத்த கோஷ்டி வெயில்ல நிக்குது, கத்துறாங்க, வந்துடுங்கன்னு. கடைசி போன் வந்தப்பதான் நான் முழுசா தள்ளினேன். அதை நான் யார்கிட்டயும் சொல்லல. செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

நான்கு தடவை. அம்மாவுக்கு எண்ணிக்கை மறக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அது அவளைக் குடைய ஆரம்பித்தது. அப்போதெல்லாம் அவளைக் காப்பாற்றியது அந்தப் பன்னிரண்டுதான். நான் அவசரப்படுத்தினால் என்ன, பிள்ளைகள் நிதானமாகத்தானே வந்திருக்கிறார்கள், என் போனுக்கும் அவன் சாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் தூங்கினாள். மகன் சொன்ன பொய்யில் அவளும் சேர்ந்து குடியிருந்திருக்கிறாள். இப்போது கூரை போய்விட்டது.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றான் பெரியவன். "தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? அவன் திரும்பி வரப் போறானா? நீலப் படகே வாங்கிடலாம். நான் இனிமே வேகத்தைப் பத்திப் பேச மாட்டேன். சத்தியமா."

அவன் பேரம் பேசுகிறான் என்பது அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் அருவருப்பாக இருந்தது. அதைவிட, அந்தப் பேரத்துக்குத் தலையாட்டிவிடத் தன் கழுத்து துடிக்கிறதே என்பதுதான் அவளை நடுங்க வைத்தது.

"முகத்தைக் கழுவிக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

*

அலுவலகம் சின்னது. ஒரு மேஜை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் முழுக்கப் படகுகளின் புகைப்படம். ரேடியோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பேசவில்லை. அதுவே அம்மாவுக்கு முதல் அடி.

மருமகள் எதிரில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க படகுல சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. பன்னெண்டு நாட்டுல, மூணடி அலையில, அந்த மாதிரிப் படகு எழும்பி விழாதுன்னு. இத்தனை வருஷம் படகு ஓட்டினவர்னு போட்டு, தேதி போட்டு, கையெழுத்து. எங்க லேப்ல கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டை யாரும் மதிக்க மாட்டாங்க."

ரேடியோ அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். "அம்மா... இவங்க இப்பதான் எல்லாம் சொன்னாங்க. எனக்கு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

"திறந்ததுதான் நல்லது" என்றாள் மருமகள். அவள் அழவில்லை. முகம் கழுவிய ஈரம் நெற்றியில் அப்படியே இருந்தது. அம்மாவிடம் திரும்பினாள். "விசாரணை ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன் அத்தை. புதுசா ஏதாவது எழுத்துல கொடுத்தா கோப்பைத் திறப்பாங்களாம். நீங்க தடுத்தா தடுத்துக்கோங்க. அத்தான் உங்க பிள்ளை. ஆனா செத்தவரும் உங்க பிள்ளைதான்."

அம்மாவுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தாள். சந்தில் குந்தியிருந்த மகனின் முதுகு கண்ணுக்குள் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்திவிடலாம். கெஞ்சினால் இவள் கேட்கக்கூடும். நான்கு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்.

"எழுதுங்க ஐயா" என்றாள் ரேடியோவிடம்.

அவர் எழுதினார். அலையின் உயரம், படகின் நீளம், வேகம். எழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

"சாட்சிக்கு நான் போடறேன். படகுல நானும்தானே இருந்தேன்" என்று அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். அவர் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அவளே எழுத ஆரம்பித்தாள். மருமகள் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்: சம்பவத்தன்று மத்தியானம் என் பிள்ளைகளைச் சீக்கிரம் வரச் சொல்லி நான் நான்கு தடவை போன் செய்தேன். அவசரப்படுத்தியது நான்.

மருமகள் நிமிர்ந்தாள். "அத்தை, இதை எதுக்கு..."

"உண்மைன்னு ஒண்ணைத் திறந்தா பாதியில நிறுத்த முடியாதும்மா."

"அத்தான் ஏதாவது சொன்னாரா?"

அம்மா வாயைத் திறந்தாள். மெதுவா போ என்று சின்னவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைத் தன் வாயால் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. பெரியவன் முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தான். மேஜையில் தாளையும் பேனாவையும் பார்த்ததும் தன் பேரம் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்போலும். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

"முடிவாயிடுச்சா? எந்தப் படகுக்கும்மா கையெழுத்து?"

அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாளை அவன் பக்கம் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

"உட்காரு. படிச்சுப் பாரு. கடைசியில ஒரு வரி குறையுது. உன் தம்பி உன்கிட்ட சொன்னது. அதை நீதான் எழுதணும்."